வேன்ல வீட்டு ஃப்ரிட்ஜ்: கம்ப்ரசர் ஸ்டார்ட் எடுக்கும்போதெல்லாம் இன்வெர்ட்டர் ஆஃப் ஆகுது, உதவி பண்ணுங்க

ஈஜிபுரா வேன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல ஈஜிபுரா நான். பழைய டிராவலர் ஒண்ண வாங்கி ரெண்டு வருஷமா கேம்பர் வேனா மாத்திக்கிட்டு இருக்கோம் (ஆர்சி மாத்துற வேலையெல்லாம் முடிஞ்சுது, தயவு செஞ்சு யாரும் அத ஆரம்பிக்காதீங்க, அது தனி புராணம்). கட்டில், சிங்க், அடுப்பு எல்லாம் ஆச்சு, கடைசியா ஃப்ரிட்ஜ். வண்டிக்குன்னே வர்ற 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் விலைய கேட்டுட்டு பேசாம திரும்பி வந்து வீட்ல கிடந்த 190 லிட்டர் சிங்கிள் டோரையே தூக்கி உள்ள வெச்சுட்டேன். அப்பாவுக்கு இன்சுலின் இருக்கு, அம்மாவுக்கு இட்லி மாவு இல்லாம வண்டில ஏற மாட்டாங்க, அதனால ஃப்ரிட்ஜ் கட்டாயம்.

செட்டப் இதான்: டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) ட்யூபுலர் பேட்டரி ஒண்ணு, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடற லெட் ஆசிட் வகைதான். 1000 விஏ இன்வெர்ட்டர் பின் கதவு பக்கம், ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கு. லைட், ஃபேன், லேப்டாப் எல்லாம் ஜம்முனு ஓடுது. ஃப்ரிட்ஜ் மட்டும் பிரச்சனை. கம்ப்ரசர் எடுக்குற நேரத்துல ஊம்ம்னு ஒரு முக்கு முக்கும், லைட் மங்கும், இன்வெர்ட்டர் லோ பேட்டரின்னு கத்திட்டு ஆஃப் ஆயிடும். உடனே ஆன் பண்ணா மறுபடி அதே கதை, டிக்னு ஒரு சத்தம் வேற. பேட்டரில மீட்டர் வெச்சா 12.5 காட்டுது! காலைல ஃபுல் சார்ஜ்ல இருந்தா சில நேரம் எடுத்துக்குது, ராத்திரி சுத்தமா இல்ல. வீட்டு கரண்ட்ல சொருகினா ஒரு குறையும் இல்ல.

போன வாரம் ஏற்காடு கிளம்பினோம், கிருஷ்ணகிரி டோல் தாண்டறதுக்குள்ள மாவு பொங்கி ட்ரே முழுக்க வழிஞ்சுடுச்சு. இன்சுலின ஐஸ் பாக்ஸ்ல போட்டு கொண்டு போனோம். பேட்டரி வாங்கின கடைல கேட்டா இன்னொரு பேட்டரி போடணும்ங்கறாங்க. போடறதா?

ராத்திரிப்பயணி:
ப்ரோ, லெட் ஆசிட்ட தூக்கிப் போட்டுட்டு லித்தியம் போயிடுங்க, நிம்மதி. அப்புறம் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா, சைன் வேவா? ஸ்கொயர் வேவ்னா மோட்டார் அப்படித்தான் முனகும், சூடாகும்.

ஈஜிபுரா வேன்காரன்:
ப்யூர் சைன் தான் ப்ரோ. லித்தியத்துக்கு இப்ப காசு இல்ல, இருந்தா அந்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜே வாங்கியிருப்பேனே.

கேஜிஎஃப் ஒயர்மேன்:
தம்பி, ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க. முதல்ல இத சொல்லுங்க, பேட்டரிலேர்ந்து இன்வெர்ட்டருக்கு என்ன ஒயர், எத்தன மீட்டர்? லக் (ஒயர் முனைல மாட்டற உலோகக் காது) எப்படி அடிச்சிருக்கு?

ஈஜிபுரா வேன்காரன்:
6 ஸ்கொயர் எம்எம் அண்ணே, வீட்டு வயரிங்ல மிச்சம் இருந்தது. சீட்டுக்கு அடில கொண்டு போனதால நாலரை மீட்டர் ஆயிடுச்சு. லக் ப்ளையர்ல நசுக்கினது.

கேஜிஎஃப் ஒயர்மேன்:
அங்கதான் இருக்கு வியாதி. சொல்றேன் கேளுங்க. ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டு இருக்கும்போது 100 வாட்ஸ் சுமாருக்குத்தான் இழுக்கும், 12 வோல்ட் பக்கம் பாத்தா 10 ஆம்ப்ஸ், அத 6 ஸ்கொயர் ஒயர் தாங்கும். ஆனா நின்ன மோட்டார் கிளம்பற அந்த அரை செகண்டு இருக்கே, அதுக்கு ஓடற கரண்ட்டப் போல ஆறு மடங்கு ஏழு மடங்கு வேணும். 70 ஆம்ப்ஸ்னு வெச்சுக்கோங்க. 6 ஸ்கொயர் காப்பர் மீட்டருக்கு 3 மில்லி ஓம், போக வர 9 மீட்டர், அப்ப 27 மில்லி ஓம். பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 2 வோல்ட் ஒயர்லயே போச்சு. பேட்டரியும் அந்த நேரத்துல அரை வோல்ட் இறங்கும். இன்வெர்ட்டர் வாசல்ல 10 வோல்ட் நின்னா அது லோ பேட்டரின்னு கத்தாம என்ன பண்ணும், 10.5ல கட் ஆகற மாதிரிதான செட் பண்ணியிருப்பான். நீங்க பேட்டரில மீட்டர் வெச்சு 12.5 பாத்து என்ன பிரயோஜனம், அது லோடு இல்லாத நேரத்து நம்பர்.

மினிமம்-மேக்ஸிமம் (MIN/MAX) பட்டன் இருக்கற மீட்டர எடுத்து, ஃப்ரிட்ஜ் கிளம்பற நேரத்துல முதல்ல பேட்டரி டெர்மினல்ல, அடுத்த தடவ இன்வெர்ட்டர் டெர்மினல்ல பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல கால் நிமிஷத்துல மறுபடி ஸ்விட்ச் போடாதீங்க. கம்ப்ரசர் உள்ள கேஸ் பிரஷர் சமமாக மூணு நாலு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள போட்டா நல்ல கரண்ட்ல கூட மோட்டார் சுத்தாது, அந்த டிக் சத்தம் ஓவர்லோடு புரொடெக்டர் விழற சத்தம்.

ஈஜிபுரா வேன்காரன்:
அண்ணே பாத்துட்டேன். பேட்டரி டெர்மினல்ல குறைஞ்சது 11.9. இன்வெர்ட்டர் டெர்மினல்ல 9.8!! பாசிட்டிவ் லக்க தொட்டா சுடுது வேற. கடைக்காரர் பேச்சக் கேட்டு இன்னொரு பேட்டரி வாங்கியிருந்தா அதுவும் இதே ஒயர்ல தொங்கிக்கிட்டு இருந்திருக்கும்.

கேஜிஎஃப் ஒயர்மேன்:
அதேதான். இன்வெர்ட்டர கழட்டி பேட்டரி பக்கத்துல கொண்டு வாங்க. 35 ஸ்கொயர் கேபிள், ஒரு பக்கம் அரை மீட்டருக்கு மேல வேணாம், லக்க ஹைட்ராலிக் க்ரிம்பர்ல அடிச்சு வாங்குங்க, எஸ்ஜேபி ரோடுல கேட்டா நின்ன இடத்துலயே அடிச்சுக் கொடுப்பாங்க. நீளமா போக வேண்டியது 230 வோல்ட் பக்கம், அங்க அரை ஆம்ப்ஸ்தான் ஓடும், 2.5 ஸ்கொயர் போதும். பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஒரு அடிக்குள்ள ஃப்யூஸ், இத மறந்தா வண்டியே எரியும். அவுட்புட்ல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) ஒண்ணு. ட்யூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், நீங்க படுக்கற இடம் அது, பெட்டி கட்டி வெளிய காத்துக் குழாய் விடுங்க.

சுமதி அக்கா:
ஸ்டார்ட்டிங் சரியாயிடும், ஆனா எவ்ளோ நேரம் ஓடும்னு யாரும் சொல்லலியே. ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தன யூனிட்னு போட்டிருக்கும், 365ஆல வகுங்க. 170 போட்டிருந்தா நாளுக்கு அரை யூனிட்டுக்கும் கம்மி. வேன் சூட்டுல, கதவத் திறந்து மூடறதுல அத 0.8ன்னு வெச்சுக்கங்க. அப்புறம் இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே 15 வாட்ஸ் தின்னா, 24 மணி நேரத்துக்கு 0.36, இத எல்லாரும் மறந்துடுவாங்க. ரெண்டும் சேந்தா 1.16 யூனிட். உங்க 150 ஏஎச்ல பாதிதான் எடுக்கலாம், 0.9 யூனிட். அப்ப ஒரு முழு நாள் கூட வராது தம்பி. எங்க வண்டில 30 ஆம்ப்ஸ் டிசி டு டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது இஞ்சின் பக்கக் கரண்ட்ல இந்த பேட்டரிய சார்ஜ் பண்றது) இருக்கு, மூணு மணி நேரம் ஓட்டினா ஒரு நாளைக்குத் தேவையானதுல பெரும்பகுதி ஏறிடும்.

ஃப்ரிட்ஜ சுத்தி ப்ளைவுட் அடிச்சிருக்கீங்களா? இப்ப வர்ற நிறைய மாடல்ல பின்னாடி கம்பி வலை கிடையாது, கண்டன்சர் (சூட்ட வெளிய விடற குழாய்) ரெண்டு பக்கச் சுவருக்குள்ளதான் இருக்கு.

ஈஜிபுரா வேன்காரன்:
அக்கா, ரெண்டு பக்கமும் விரல் நுழையாத அளவுக்கு டைட்டா அடிச்சிருக்கேன், வண்டி குலுங்கும்போது ஆடக்கூடாதுன்னு. ப்ளைவுட்டத் தொட்டா இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும், ஏன்னு நினைச்சதே இல்ல.

சுமதி அக்கா:
பிரிச்சு எடுங்க. பக்கத்துக்கு நாலு இஞ்ச் விட்டு, கீழயும் மேலயும் காத்துக்கு வழி வைங்க. ஆடாம இருக்க அடில எல் ஆங்கிள், மேல ஒரு பெல்ட் போதும். அப்பாவோட இன்சுலின ஃப்ரீசர் தட்டுக்குக் கிட்ட வைக்காதீங்க, உறைஞ்சா தூக்கித்தான் போடணும். நடுத் தட்டுல ஒரு தெர்மாமீட்டரோட, 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள.

ஈஜிபுரா வேன்காரன்:
(பத்து நாள் கழிச்சு) அப்டேட். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்துல வந்தாச்சு, 35 ஸ்கொயர், ஃப்யூஸ், ஆர்சிசிபி எல்லாம் ஆச்சு. அதே பழைய பேட்டரிதான். இப்ப கிளம்பும்போது பேட்டரில 11.9, இன்வெர்ட்டர்ல 11.8. கரண்ட் வந்ததும் நாலு நிமிஷம் விட்டு ஆன் ஆகற டைம் டிலே ஒண்ணும் போட்டேன். நேத்து ராத்திரி வீட்டு வாசல்லயே வேன்ல படுத்துக்கிட்டு எண்ணினேன், ரெண்டு மணிக்குள்ள ஏழு தடவ கம்ப்ரசர் எடுத்துச்சு, ஒரு தடவ கூட லைட் மங்கல. ப்ளைவுட் பிரிச்சதும் சூடும் போச்சு. டிசி டு டிசி அடுத்த மாசச் சம்பளத்துல. ஒயர்மேன் அண்ணே, கேஜிஎஃப் பக்கம் வந்தா டீ என் கணக்கு.

இன்னிக்கு காலைல டெஸ்ட் ட்ரைவ் போனேன், சர்ஜாபுரா ரோடு ஹம்ப் ஒண்ணுல ஃப்ரிட்ஜ் கதவு தானா திறந்து சாம்பார் டப்பா தரைக்கு வந்துடுச்சு. அதுக்கு என்னங்க பண்றது?

ராத்திரிப்பயணி:
குழந்தைங்க திறக்காம இருக்க அலமாரில ஒட்டற லாக் ஸ்ட்ராப் விக்குது ப்ரோ, மேல ஒண்ணு கீழ ஒண்ணு ஒட்டுங்க. ஒட்டறதுக்கு முன்னாடி சாம்பார நல்லா துடைங்க, எண்ணெய்ப் பிசுக்குல கம் நிக்காது.