மறு: ‘எவர்கிரீன்’ புதருக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்

லண்டனிலிருந்து:

வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் செடிக்கான பெயர்ப்பலகை அச்சுக்குப் போகிறது, அதனால் நேராகவே கேட்கிறேன். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பின்னால், வடக்குப் பார்த்த சுவரோரம் ஒரு பாத்தி. வெயிலே படாது, மேலே பெரிய மரம் வேறு. மூன்று வருடம் எதுவும் நிற்காத அந்த இடத்தில் சார்க்கோகாக்கா ஹூக்கரியானா என்ற புதர்ச்செடியின் ஹ்யூமிலிஸ் வகையை வைத்தோம், நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுமார் 60 செ.மீ. உயரம்தான். குளிர்காலத்தின் நடுவில் நூல்நூலாக வெள்ளைப் பூ விடும், பூவைப் பார்ப்பதற்கு முன்பே மணம் வாசல்வரை வந்துவிடும். பலகையில் ‘பசுமை மாறாப் புதர்’ என்று எழுதியிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அடியில் கிடந்த மஞ்சள் இலையை எடுத்துக்கொண்டு வந்து, “டீச்சர், இது மாறிப்போச்சே” என்றாள். அவளுக்கு விளக்கம் சொல்லிவிட்டேன், ஆனால் சொல் உறுத்துகிறது. வேறு என்ன போடலாம்?

கோவையிலிருந்து:

மாற்றவே வேண்டாம் அம்மா. ‘பசுமை மாறாக் காடு’ என்று பாடநூலில் படித்துத்தான் எல்லோரும் வந்தோம். பசுமை செடியினுடையது, ஒவ்வோர் இலையினுடையதும் அல்ல. மாமரத்தடியில் தினமும் சருகு கூட்டுகிறோம், ஆனால் மொட்டை மாமரத்தை யார் பார்த்திருக்கிறோம்? அதையே பிள்ளைக்குச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்தச் செடி வெயிலில் இருந்தால் இலை வெளிறி மஞ்சளாகும் என்று படித்திருக்கிறேன். மஞ்சள் இலை நிறைய விழுந்தால் சொல்லைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள்.

மதுரையிலிருந்து:

பாடநூலில் இருப்பதாலேயே சரியாகிவிடுமா ஐயா? ‘மாறா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதில் ‘பெரும்பாலும்’, ‘ஒரேயடியாக’ என்பதற்கெல்லாம் இடமில்லை, மாறாது என்றால் மாறாது. அந்தப் பிள்ளை இலக்கணப்படிதான் கேட்டிருக்கிறாள். என் பரிந்துரை ‘இலை ஒழியாப் புதல்’. வீடு ஒழிந்திருக்கிறது என்றால் ஆளில்லாமல் இருக்கிறது என்று பொருள். இந்தச் செடியில் இலை வரும், போகும், ஆனால் இலையே இல்லாத நாள் கிடையாது. புதர் என்பதைவிடப் புதல் நல்லது, சங்கப் பாட்டில் அதுதான் வழக்கு. பந்தல் பந்தர், சாம்பல் சாம்பர், குடல் குடர் போல லகரத்துக்கு ரகரம் வந்த இறுதிப்போலி இது. இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியர் வெளியே வைரம், அதாவது தண்டின் கெட்டிப் பகுதி, உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் பிரித்தார், இந்தச் செடியின் தண்டை ஒரு முறை வெட்டிப் பார்த்து எந்தப் பக்கம் சேரும் என்று யாராவது எழுதினால்...

டொராண்டோவிலிருந்து:

அண்ணா, வெட்டவேண்டாம், மெல்ல வளருகிற செடி அது! புதல் என்று எழுதினால் பிள்ளைகள் புதல்வனைத்தான் நினைப்பார்கள். அக்காவின் பள்ளியில் பெரும்பாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றை என்போம், பற்றைக்குள்ளே பாம்பு கிடக்கும் என்று அம்மம்மா சொல்லாத நாளில்லை. வீட்டில் உயிரோடு இருக்கிற சொல்லை விட்டு ஏன் ஏட்டில் தேடவேண்டும்?

சென்னையிலிருந்து:

நாற்றுப்பண்ணைச் சீட்டு ஒன்றில் இந்தச் செடியின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்வீட் பாக்ஸ்’ என்பதை ‘இனிப்புப் பெட்டி’ என்று யாரோ தமிழாக்கியிருந்ததைப் பார்த்து மனம் நொந்தேன், தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். பாக்ஸ் இங்கே ஒரு மரத்தின் பெயர், இலத்தீனில் பக்சஸ். சார்க்கோகாக்காவும் அந்தக் குடும்பம்தான். அந்த மரத்தில் செய்த சிமிழுக்கு மரத்தின் பெயரே வந்து, அப்புறம்தான் எல்லாப் பெட்டிக்கும் ஆயிற்று. சார்க்கோகாக்கா என்றால் கிரேக்கத்தில் சதைக்கனி, ஹ்யூமிலிஸ் என்றால் இலத்தீனில் தாழ்ந்தது. அதனால் ‘குறு’ சேர்த்துக் ‘குறும்பற்றை’ எனலாம். பலகையில் செடி பரவும் விதத்தையும் எழுதுவதானால் ‘பக்கக்கன்று’ போடுங்கள். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்று முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ‘இலை ஒழியா’ அழகுதான், ஆனால் ‘ஒழிக’ கேட்டு வளர்ந்த காதுக்கு...

மதுரையிலிருந்து:

சாப்பிட்ட பாத்திரத்தை ஒழித்துப் போடு என்று தஞ்சாவூர்ப் பக்கம் தினமும் சொல்கிறார்கள், யாரும் கோஷம் என்று நினைப்பதில்லை.

லண்டனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. ‘பசுமை மாறா’வை மாற்றவேண்டாம் என்றும் பற்றை நல்லது என்றும் சொன்னீர்கள், ஆகவே ‘பசுமை மாறாக் குறும்பற்றை’ என்று அனுப்பிவிட்டேன். கீழே சின்ன எழுத்தில் ‘இலை உதிரும், ஆனால் எல்லாம் ஒன்றாக உதிராது’ என்று சேர்த்திருக்கிறேன். அந்த வரி அவளுக்காக.

மதுரையிலிருந்து:

சொல் சரியாக இருந்தால் அந்த வரியே தேவைப்பட்டிருக்காது அம்மா. பற்றையை ஏற்கிறேன், புதலை விட்டுவிட்டேன். ‘இலை ஒழியா’வை விடவில்லை. பலகை வெயில்மழையில் மங்கி மறுபடி எழுதும்போது ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.