உதவி தேவை: இஸ்லாமிய வங்கியின் முதலீட்டுக் கணக்கை எந்தப் பக்கம் சேர்ப்பது?

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். முதுகலை வணிகவியல் ஆய்வேடு. சமர்ப்பிக்க நான்கு வாரமே இருக்கிறது. தலைப்பு, 2008 நெருக்கடியில் இஸ்லாமிய வங்கிகளும் வழக்கமான வங்கிகளும். எடுத்த நாடு பஹ்ரைன். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பாதி வீட்டுப் பணம் வளைகுடாவிலிருந்து வருவதால் பிறந்த ஆசை அது.

சிக்கல் ஒரே வரியில்தான். வழக்கமான வங்கியில் வைப்புத்தொகை வங்கி திருப்பித் தர வேண்டிய கடன், சந்தேகமே இல்லை. இஸ்லாமிய வங்கியின் ஐந்தொகையிலோ, முதாரபா முறையில் (பணம் வாடிக்கையாளருடையது, தொழில் நடத்துவது வங்கி) லாபத்தில் பங்கு பெறும் முதலீட்டுக் கணக்குகள், கடன்களுக்கும் பங்குதாரர் மூலதனத்துக்கும் நடுவே தனியாக நிற்கின்றன. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரம் வகுக்கும் ஏஏஓஐஎஃப்ஐ அமைப்பின் கணக்கியல் தரம் அப்படி. கடனோடு சேர்த்தால் கடன்-மூலதன விகிதம் இரண்டு வகை வங்கிகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். மூலதனத்தோடு சேர்த்தால் இஸ்லாமிய வங்கி மலைபோல் நிற்கிறது. ஒரே எண்கள், இரண்டு தீர்ப்பு!

2006 முதல் 2010 வரையிலான ஆண்டறிக்கைகளை அச்சிட்டு, பென்சிலால் குறித்து, எக்செலில் கேமல் விகிதங்கள் (மூலதனம், சொத்துத் தரம், நிர்வாகம், வருவாய், நீர்மைத்தன்மை ஆகியவற்றை அளப்பவை) போட்டேன். இரு வகை வங்கிகளின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையை இரு முறையிலும் செய்தேன், முடிவு மாறுகிறது. இஸ்லாமிய வங்கியில் வட்டி இல்லாததால், நிகர வட்டி வருமானத்துக்குப் பதில் நிகர நிதியளிப்பு வருமானம் வைத்துவிட்டேன், அதில் தகராறு இல்லை. வழிகாட்டி “ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்” என்கிறார். வாய்மொழித் தேர்வில் அந்தப் பதில் செல்லுமா?

நட்டம் வந்தால் கணக்குதாரரே சுமக்க வேண்டிய இந்தத் தொகையை, ஒப்பீட்டில் கடனாகக் கொள்வதா, மூலதனமாகக் கொள்வதா, இரண்டிலும் சேர்க்காமல் விடுவதா?