மறுமொழி: "அன்கான்ஸ்டிட்யூஷனல் கண்டிஷன்ஸ்" – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

தலைப்பில் உள்ள அமெரிக்கச் சட்டக் கோட்பாட்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அலுவலகத்தில் மாதக் கடைசி, எழுத நேரம் வாய்க்கவில்லை.

> "அரசமைப்புக்கு முரணான நிபந்தனை" என்றே வைத்துவிடலாமே. பொருள் நேராக வருகிறது.

வருகிறது ஐயா, ஆனால் செல்லாமல் போகும் எந்த நிபந்தனைக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடுமே. இந்த அமெரிக்கக் கோட்பாட்டின் சூட்சுமம் வேறு. அரசு ஒரு சலுகையைத் தந்தே தீரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. "தரமாட்டேன்" என்று சொல்லியிருந்தால் கேட்பாரில்லை. "தருகிறேன், பதிலுக்கு உன் பேச்சுரிமையைக் கொடு" என்னும்போதுதான் வம்பு; அப்படிக் கேட்கக்கூடாது என்பதே கோட்பாடு. அந்தக் கொடுக்கல் வாங்கல் பெயரிலேயே தெரியவேண்டும் என்பது என் கட்சி.

இலினாய் மாநிலத்து நார்த்லேக் நகர வழக்கைப் பாருங்கள். வழியில் நிற்கும் வண்டிகளை இழுத்துப்போக நகராட்சி ஒரு பட்டியல் வைத்திருந்தது. முறை வரும்போது அந்தந்த நிறுவனத்துக்கு அழைப்பு போகும். ஓ'ஹேர் டிரக் சர்வீஸ் பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இருந்தது. மேயரின் தேர்தலுக்கு நன்கொடை கேட்டார்கள். உரிமையாளர் தரவில்லை; போதாததற்கு, எதிர்த்து நின்றவரின் சுவரொட்டியைத் தன் தொழிலிடத்தில் வைத்தார். பட்டியலிலிருந்து பெயர் போனது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற நீதிபதிகள் கணக்கில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அதே நாளில், மாவட்ட நிர்வாகத்தைப் பத்திரிகையில் விமர்சித்த கான்சாஸ் குப்பை ஒப்பந்தக்காரர் வழக்கிலும், அரசு ஊழியருக்கு இருக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு ஒப்பந்தக்காரருக்கும் உண்டு என்றது.

நான் முன்வைக்கும் சொல்: உரிமையடகு நிபந்தனை. கோட்பாட்டுக்கு, உரிமையடகுக் கோட்பாடு.

> அடகுக் கடை வாசம் அடிக்கிறதே! சட்ட நூலில் எப்படிப் போடுவது?

அடிக்கட்டும். எங்கள் வீட்டில் ஜூன் மாதம் பள்ளி திறந்தால் அம்மாவின் வளையல் கடைக்குப் போகும். சீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கும். வளையல் அம்மாவுடையதுதான், ஆனால் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகமுடியாது. உரிமையும் இங்கே அப்படித்தான் நிற்கிறது: அரசுப் பணம் கையில் இருக்கும்வரை பேச்சுரிமை உங்களுடையது, எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. பணத்தை விட்டால் மீண்டுவிடும். "பணயம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சூதில் வைத்த பணயம் தோற்றால் போனதுதான். அதனால் எனக்கு அது ஒட்டவில்லை.

இன்னொரு காரணம் உண்டு. "அன்கான்ஸ்டிட்யூஷனல்", அதாவது அரசமைப்புப்படி செல்லாது, என்று ஆங்கிலப் பெயர் தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அரசு ஜெயித்த வழக்கை அப்புறம் என்ன பெயரில் விவாதிப்பது? ஆர்கன்சாஸ் மாநிலம் 2017இல் ஒரு சட்டம் போட்டது: அரசோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனம் இஸ்ரேலைப் புறக்கணிக்கவில்லை என்று சான்றளிக்கவேண்டும், இல்லையேல் 20 சதவீதம் விலையைக் குறைத்துக்கொள்ளவேண்டும். ஆர்கன்சாஸ் டைம்ஸ் பத்திரிகை ஓர் அரசுக் கல்லூரியின் விளம்பரத்துக்காக அந்தச் சான்றுத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தது. அந்தப் பத்திரிகை யாரையும் புறக்கணிக்கவும் இல்லை, அதுதான் வேடிக்கை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல், புறக்கணிப்பு வெறும் வணிக நடவடிக்கை, பேச்சல்ல என்று சொல்லிச் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. 2023இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. "முரணான நிபந்தனை" என்றால் இது அந்தத் தலைப்பில் வருமா, வராதா? உரிமையடகு என்றால் சிக்கலே இல்லை. எத்தனை சதவீதத்துக்கு அடகு என்றுகூடச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்!

> அப்படியானால் அரசு போடும் எல்லா நிபந்தனையும் அடகுதானா?

இல்லை தோழி. சுவர் விளம்பரம் எழுத அரசு கூலி கொடுத்தால், அந்தச் சுவரில் அது சொன்னதைத்தான் எழுதவேண்டும். அது வேலை. உன் வீட்டுச் சுவரிலும் வேறெதுவும் எழுதாதே என்றால் அது அடகு. குடும்ப நல நிதி பெறும் மருத்துவமனைகள் அந்தத் திட்டத்துக்குள் கருக்கலைப்பு ஆலோசனை தரக்கூடாது என்ற விதியை 1991இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று அனுமதித்தார்கள். அதைத் திட்டத்தின் எல்லையாகப் பார்த்தார்கள். எய்ட்ஸ் தடுப்பு நிதி வாங்கும் அமைப்புகள் பாலியல் தொழிலை எதிர்ப்பதைத் தங்கள் கொள்கையாகவே அறிவிக்கவேண்டும் என்றதை 2013இல் 6-2 என்று தள்ளினார்கள். திட்டத்துக்கு வெளியேயும் அது கைநீட்டியது. 1991 தீர்ப்பு எனக்கு உவப்பில்லை. மருத்துவர் வாயைச் சுவரோடு ஒப்பிடமுடியுமா? அது வேறு சண்டை.

உட்பிரிவுகளுக்கு வருகிறேன். பேசாதே என்பதற்கு வாய்ப்பூட்டு நிபந்தனை. நாளிதழ் படிப்பவருக்கு விளக்கமே வேண்டாம். சிலர் சொன்ன "பேச்சுரிமை நிபந்தனை"யை இங்கே செலவழிக்காதீர்கள். பிறர் பேச இடம்கொடுத்தால்தான் பணம் என்ற எதிர்த்திசை நிபந்தனைக்கு அது தேவைப்படும். 2019 மார்ச்சில் டிரம்ப், ஆராய்ச்சி நிதி பெறும் பல்கலைக்கழகங்களுக்குப் போட்ட ஆணை அந்த வகை.

மிச்சம் இருப்பது, இதைச் சொல் என்று கட்டாயப்படுத்தும் வகை, அதாவது 2013இன் எய்ட்ஸ் நிதி வழக்கு. "ஒப்புவிப்பு நிபந்தனை" என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் எழுந்து நின்று மனப்பாடச் செய்யுள் ஒப்புவிக்கும் பையன் கண்முன் வருகிறான், அது பிடித்திருக்கிறது. ஆனால் ஒப்படைப்பது என்ற பொருளும் கூடவே வந்து குழப்புகிறது. நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். என் சொற்பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.