புகைக்காத பெரியம்மாவுக்கு ஏன் நுரையீரல் புற்றுநோய்?

பெரியம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. காலமெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஊதித் தள்ளியவர் பெரியப்பா. நோய் வந்ததோ பெரியம்மாவுக்கு.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'இஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் பாசிட்டிவ்' என்று பார்த்ததும் அக்கா ஆடிப்போய்விட்டார். "அப்போ எனக்கும் வருமா டாக்டர்? என் பிள்ளைங்களுக்கு?" என்று அழுதுகொண்டே கேட்டார். டாக்டர் ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி, பொறுமையாகச் சொன்னார்: இது கட்டியின் செல்களில், செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் இருக்கும் மாற்றம். பெரும்பாலும் பிறந்த பிறகு நுரையீரலில் உண்டாவது, பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரையாக வரும் இஜிஎஃப்ஆர் மாற்றம் மிக மிக அரிது. இதே மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரையைத்தான் பெரியம்மா இப்போது சாப்பிடுகிறார்.

சரி, புகைக்காதவருக்கு ஏன்? லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிலைய ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு ஓரளவு புரிந்தது. இந்த மாற்றம் கொண்ட செல்கள் புற்றுநோய் இல்லாதவர்களின் நுரையீரலிலும் சும்மா கிடக்கலாம். காற்றிலுள்ள பிஎம் 2.5 நுண்துகள்கள் உள்ளே போய் அழற்சியை உண்டாக்கும்போது அவை வளரத் தொடங்குகின்றன. எலிகளில் அந்த அழற்சியின் சமிக்ஞையான இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுத்ததும் கட்டிகள் குறைந்தன. பெரியம்மாவின் நுரையீரலில் எது தூண்டியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்தவர் விட்ட புகையும் புற்றுநோய்க்குக் காரணம்தான். "அவ தலையெழுத்து" என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதில்:
எங்கள் வீட்டில் வேறு கதை. அப்பா ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர், சிகரெட்டும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகிறது. அப்பா போன பிறகு தம்பி, "நம்ம ரத்தத்துலயே இருக்கு, விட்டு என்ன ஆகப் போகுது?" என்று தொடர்ந்து புகைத்தான்.

பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். 15-வது குரோமோசோமில் நிகோடின் ஏற்பிக்கான (செல்லில் நிகோடின் ஒட்டும் இடம்) ஜீன் பகுதி ஒன்றை 2008-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அந்தப் பகுதியில் மாற்றம் உள்ளவர்கள் புகைத்தால் அதிகமாகப் புகைப்பார்கள், ஆபத்தும் கூடும். புகைக்காதவர்களிடம் அதன் பாதிப்பு பெரிதாகத் தெரியவில்லை. இதைத்தான் தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: ரத்தத்தில் இருந்தால் நீதான் முதலில் விட வேண்டும். இப்போது விட்டுவிட்டான். அப்புறம், நீண்ட காலம் புகைத்தவர்கள், நோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தம்பிக்கும் கேட்டிருக்கிறோம்.