டீமெர்ஜருக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
பி.காம். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாய் நிறுவனம் ஒரு தொழிலைத் தனியாக்கி, புது நிறுவனத்தின் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடுகிறதே, அந்த டீமெர்ஜருக்கு ஒரு சொல் வேண்டும். ‘பிரிவு’ என்று எழுதியிருந்தேன். “எந்த டிபார்ட்மென்ட் சார்?” என்று கேட்டான் ஒரு பையன்.

— வகுப்பாசிரியன்

ஐயா, பிரிவு பாலைத்திணையின் சொத்து, அதை விட்டுவிடுங்கள். தானே பிரிந்தால் பிரிவு, பிறர் பிரித்தால் பிரிப்பு. இங்கே பிரிப்பது இயக்குநர் குழு. ‘இணைப்பு’க்கு எதிராக ‘பிரிப்பு’ வைத்தால் இயைபும் கிடைக்கிறது.

— தமிழாசிரியர், ஓய்வு

‘பாகப்பிரிவினை’ இருக்கப் புதுச்சொல் எதற்கு? ஊரில் எல்லோருக்கும் புரியும்.

— மொழிபெயர்ப்பாளர்

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் அம்மா. பாகப்பிரிவினையில் பாகம் வாங்குவது பிள்ளை. இங்கே பிள்ளையையே பாகம் போட்டுப் பங்குதாரருக்குக் கொடுக்கிறோம்! சொல்லை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். போகிற தொழிலுக்குச் சொத்து 300 கோடி, கடன் 100 கோடி என்றால் இரண்டுமே தாயின் ஏட்டை விட்டுப் போகும். மிச்ச 200 கோடி காப்பு நிதியில், அதாவது சேர்த்து வைத்த லாபத்தில், குறையும். விற்பனை இல்லை, ரொக்கமும் வராது. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இதிலும் ஒரு வில்லங்கம். ஐடிசி தன் ஹோட்டல் தொழிலை 2025 ஜனவரி 1 முதல் பிரித்தது. 10 ஐடிசி பங்குக்கு 1 ஹோட்டல் பங்கு. 40 சதவீதத்தைத் தானே வைத்துக்கொண்டது. பங்குதாரருக்குப் போனதை ஏட்டு மதிப்பில் இல்லாமல் சந்தை மதிப்பில் எழுதியதால் அந்தக் காலாண்டில் 15,000 கோடிக்கு மேல் லாபம் காட்டியது. ஒரு கையால் லாபத்தில் ஏற்றி, மறு கையால் காப்பு நிதியிலிருந்து இறக்கினார்கள்.

— ஆடிட்டர்

40 சதவீதம் கையில் என்றால் அது ‘தனிக்குடித்தனம்’. சமையல் வேறு, சாவி அப்பாவிடம்.

— மொழிபெயர்ப்பாளர்

அது போகட்டும், பேலன்ஸ் ஷீட்டுக்கு ‘ஐந்தொகை’ என்று அழகாக ஒரு சொல் இருக்க, நீங்கள் ஏன் ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று நீட்டுகிறீர்கள்? நாங்கள் படித்தது ஐந்தொகைதான்.

— யாழ்ப்பாணத்து வாசகர்

எந்த ஐந்து என்று கேட்டால் இந்த மடல் இழை ஆறு மாதம் ஓடும். வேண்டாம் ஐயா.

— ஆடிட்டர்

சரி, ‘நிறுவனப் பிரிப்பு’ என்று போட்டு, பக்கத்திலேயே டீமெர்ஜர் என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

— வகுப்பாசிரியன்

பக்கத்தில் டீமெர்ஜர் என்றால், நான் இலக்கணம் சொன்னது எதற்கு?

— தமிழாசிரியர், ஓய்வு