வெளிநாட்டில் நெடுநாள் இருந்துவிட்டு ஊர் திரும்பும் கடைசி வாரம்: யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது?

பொன்மலைக்காரன்

எல்லோரும் போய் இறங்கியதையும் நயாகராவையும்தான் எழுதுகிறோம். கிளம்புகிற வாரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் அதை மட்டும் எழுதுகிறேன்.

மகள் வீடு நியூ ஜெர்சி எடிசனில். விசிட்டர் விசாவில் போய் இறங்கினால் வழக்கமாக ஆறு மாதம் தங்கவிடுவார்கள். விசா பத்து வருஷத்துக்கு இருக்கிறதே என்று சிலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஐ-94 என்கிற வருகைப் பதிவில், எதுவரை தங்கலாம் என்று இருக்கும் தேதிதான் கணக்கு. எங்களுக்கு நவம்பர் நடுவில் முடிந்தது. நான் அக்டோபர் கடைசிக்கே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். ரயில்வே பென்ஷன்காரன், நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுத்தாக வேண்டும். கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கென்னவோ பேங்கில் போய் வரிசையில் உட்கார்ந்தால்தான் உயிரோடு இருப்பதாக நம்பிக்கை வருகிறது.

இன்னொரு காரணம் குண்டூர் மாஸ்டர்.

எடிசனில் ரூஸ்வெல்ட் பார்க் என்று ஏரியோடு பெரிய பூங்கா ஒன்று உண்டு. சாயங்காலம் போனால் நம்ம தேசமே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நடியாத் பென், லூதியானா சர்தார்ஜி, கும்பகோணத்து மாமி, குண்டூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாஸ்டர். பேர் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஊர்தான் பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது, "இன்னும் எத்தனை நாள்?" வீட்டில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. நான் தேதியைப் பற்றி ஆரம்பித்தால் மகள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள், அடுப்பில் ஒன்றும் இருக்காது. மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்துகொள்வார். ஆகவே ஊர் போவதைப் பற்றி நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த பெஞ்சில் இருந்தவர்களோடுதான்.

மாஸ்டர் முந்தைய தடவை வந்தபோது நீட்டிப்புக்கு மனுப் போட்டுக் குளிர்காலத்தையும் அங்கேயே கழித்தவர். "டிசம்பர்ல நாலரைக்கு இருட்டிடும். பொண்ணு, அல்லுடு (மாப்பிள்ளை) ஆபீஸ். பசங்க ஸ்கூல். வீட்ல நானும் ஹீட்டரும். அது ஓடி நிக்கிற சத்தத்தை வெச்சே மணி சொல்லிடுவேன்," என்பார், தெலுங்கும் இங்கிலீஷும் கொஞ்சம் மெட்ராஸ் தமிழும் கலந்து. "இலை கொட்டி முடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேருங்க." என் கருத்தும் அதுதான். கடைசித் தேதி வரை இழுக்காதீர்கள். பெஞ்சில் உட்கார முடிகிற காலத்திலேயே கிளம்பிவிடுவது நல்லது.

கடைசி ஞாயிறு, இன்னும் எங்காவது பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று மாப்பிள்ளை கேட்டார். மெட்ரோபார்க் ஸ்டேஷன் என்றேன். சிரித்தார், ஆனால் கூட்டிப்போனார். நியூயார்க்–வாஷிங்டன் தடம் அது. மேலே ஓடும் கம்பியில் இன்றும் 25 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரம். 1930-களில் பென்சில்வேனியா ரயில்ரோடு காலத்தில் போட்ட ஏற்பாடு. நம்மிடம் 25 கிலோவோல்ட், 50 சைக்கிள். பிளாட்பாரத்தில் கேமராவோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நின்றிருந்தார். நான் பெட்டிகளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு, ரயில்வேயா என்று கேட்டார். அவரும் சிக்னல் பிரிவில் இருந்தவராம். உங்கள் ஊரில் ஒரு வண்டிக்கு எத்தனை பெட்டி என்றார். 24 வரை போகும் என்றேன். சரக்கு வண்டியைக் கேட்கவில்லை, ஆள் போகிற வண்டி என்றார். அதைத்தான் சொல்கிறேன் என்றதும் மனிதர் சீழ்க்கை அடித்துவிட்டார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் வருவேன், நீங்களும் வாருங்கள் என்றார். வருகிறேன் என்றுதான் சொன்னேன். வியாழக்கிழமை விமானம்.

பெட்டி கட்டுவதை எழுத வேண்டியதில்லை, எல்லாரும் பட்டதுதான். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒன்றுக்கு 23 கிலோ. குளியலறை எடைமெஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் எடையைக் கழித்து, பாதாம் பாக்கெட்டை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றி, மறுபடியும் ஏறி. இந்த நேரத்தில் மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ஒரு கிலோ எடம் இருக்குமா?" பெரம்பூரில் அவருடைய அக்கா. அக்காவுக்கு ஒரு பொட்டலம்.

பிறத்தியார் பொட்டலத்தை வாங்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் சொன்னது நியாயம்தான். பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா, யாராவது எதுவும் கொடுத்தார்களா என்று செக்-இன்னில் கேட்பார்கள். மாஸ்டரிடம் அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் சுணங்காமல் பெஞ்சிலேயே பிரித்துப் பரப்பிவிட்டார். ஒரு வால்நட் பாக்கெட், மூட்டுவலித் தைலம், மருந்துக்கடையில் தொங்கும் படிக்கிற கண்ணாடி இரண்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. வாங்கிக்கொண்டேன்.

ஜே.எப்.கே. விமான நிலையத்துக்கு ஸ்டேட்டன் தீவு வழியாக வெரசானோ பாலத்தைத் தாண்டிப் போனோம். காரில் யாரும் பேசவில்லை, பேத்தி மட்டும் பாட்டியின் வளையலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவிலிருந்து புறப்படும்போது நம்ம ஊர் மாதிரி இமிக்ரேஷன் கவுண்டர் கிடையாது, முத்திரையும் குத்துவதில்லை. விமானக் கம்பெனி அனுப்பும் பயணிகள் பட்டியல்தான் நாம் போனதற்குப் பதிவு. "அப்ப நாம போயிட்டோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என் வீட்டுக்காரி துபாய் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். போர்டிங் பாஸை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள், அது தப்பில்லை.

சென்னையில் இறங்கி, எழும்பூரில் திருச்சி வண்டிக்குக் காத்திருந்தபோது பெரம்பூர் அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எண்பதுக்கு மேல் இருக்கும். பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "தம்பி எளச்சுட்டானா?" இல்லையம்மா, நன்றாக இருக்கிறார் என்றேன். "நடக்கறானா?" தினமும் ஏரியைச் சுற்றுகிறார் என்றேன். "ராத்திரி என்ன சாப்பிடறான்?" அது எனக்கெப்படித் தெரியும்? சப்பாத்தி என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறம்தான் கண்ணாடியை எடுத்து மாட்டி, எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் சத்தமாகப் படித்து, வண்டி வந்ததும் "இங்க இல்ல, முன்னால போங்க" என்று எங்களையே விரட்டினார்.

பிளேனோ மருமகள்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எதிர்க்கட்சியிலிருந்து ஒரு குரல்.

மாமனார் மாமியார் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். இந்தத் தடவை அஞ்சறைப்பெட்டி. நான் ஆபீஸ் போன நேரத்தில் சமையலறை அலமாரி முழுவதையும் அத்தை மாற்றி அடுக்கிவிட்டார். கடுகு இருந்த இடத்தில் காபிப்பொடி. எனக்கு வந்ததே கோபம்! இங்கே நாலைந்து தோழிகளிடம் கேட்டுப் பார்த்தேன், எல்லார் வீட்டிலும் இதே கதை. ஆறு மாதம் வராத சண்டை அந்த வாரத்தில்தான் வருகிறது. மனசுக்குள் இருக்கும் வருத்தம் அழுகையாக வந்தால் தாங்காது என்று கோபமாக வருகிறதோ என்னவோ.

டாலஸ் ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு வெளியே நின்றிருந்தோம். அதற்கு மேல் நமக்கு அனுமதி இல்லை. முன்னால் ஒரு பையன், முதுகுப்பையில் அண்ணா யுனிவர்சிட்டி பேட்ஜ். என் கணவர் கூச்ச சுபாவி, பக்கத்து வீட்டுக்காரரிடமே பேசமாட்டார். அவர் ஓடிப்போய் அந்தப் பையன் தோளைத் தொட்டு, "தம்பி, சென்னையா? அம்மா அப்பா தனியாப் போறாங்க, தோஹால மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. தோஹாவிலிருந்து அந்தப் பையன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். இரண்டு பேரும் நாற்காலியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். கீழே "ஆன்ட்டி சாப்பிட்டாங்க. அங்கிள் காபி மட்டும்."

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தால் வரிசையாக டப்பா. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறது: "வத்தக்குழம்பு. காரம் கம்மி. குழந்தைக்கும் ஆகும்." "புளிக்காய்ச்சல். முதலில் இதை முடிக்கவும்." கடுகு எங்கே என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தாம்பரம் மேற்கு

பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆஸ்திரேலியாவிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு வந்து கதவைத் திறந்தோம். இன்வர்ட்டர் பேட்டரி செத்துவிட்டது. குழாயைத் திறந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர். புத்தக அலமாரியில் பூச்சி. போகும்போது ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனது ஒன்றுதான் புத்தி. கீழ்வீட்டு அம்மா எங்கள் சத்தம் கேட்டு எழுந்து ஃபிளாஸ்கில் பால் கொண்டுவந்தார். அவரோடு தண்ணீர் லாரிக் காசு விஷயத்தில் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. அவரும் அதை எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: ப்ரீபெய்டு சிம் தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண் கையைவிட்டுப் போகலாம். பேங்க் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

ஸ்காபரோ

எங்கட கதை மறுவளம். இருப்பது கனடாவில், லீவுக்குப் போனது யாழ்ப்பாணத்து இணுவிலுக்கு. பள்ளிக்கூட விடுமுறை முழுக்க நின்றுவிட்டு வந்தோம்.

கடைசிக் கிழமை முழுக்கக் கறித்தூள் வேலைதான். பெரியம்மா மல்லியும் செத்தல் மிளகாயும் வறுத்து எடுக்க, நான் மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் மூட்டையைப் பார்த்த உடனேயே, "கனடாவோ, லண்டனோ?" என்று கேட்டார். கனடா என்றேன். "அப்ப நாளைக்கு வாங்கோ." ஏன் என்றால், அரைத்த சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டிபட்டுவிடுமாம். பேப்பரில் பரப்பி இரவு முழுக்க ஆறவிட்டு, இரண்டு பைக்குள் போட்டு, மெழுகுதிரி நெருப்பில் பையின் வாயை உருக்கி ஒட்டித் தந்தார். காற்றைக் கையால் அமத்தி வெளியேற்றின விதத்தைப் பார்த்தால் அந்த மனிசன் எத்தனை பேரைப் பிளேன் ஏற்றியிருப்பார் என்று விளங்கியது.

இரவு வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், எங்கடையும் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் (வேர்க்கடலை) வாங்கினோம். கச்சான் விற்ற ஆச்சி சின்னவளிடம், "இனி எப்ப பிள்ளை வருவாய்?" என்று கேட்டா. அவள் என்னைப் பார்த்தாள், நான் மனிசியைப் பார்த்தேன், மனிசி கச்சானை எண்ணிக்கொண்டிருந்தா.

டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினால் மற்றப் பெட்டியெல்லாம் வந்துவிட்டது, தூள்ப் பெட்டியைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். கொண்டுவந்தவர் ஒரு பஞ்சாபிக்காரர், மூக்கைத் துடைத்துக்கொண்டே நின்றார். இதற்குள் என்ன, என் வான் முழுக்க மணக்கிறது, பசிக்கிறது என்றார். ஒரு பை உடைந்திருந்தது. மிச்சத்தில் ஒரு போத்தல் நிரப்பி அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு கிலோ குறைகிறதே என்று மனிசி கேட்டதற்கு, பை உடைந்ததால் கொட்டுப்பட்டுப் போச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.