நாய்த்தீனில உள்ளி: தவிர்க்க வேணுமோ, இல்லையோ?

மாங்குளத்தான்:
"உள்ளித்தூள் சேர்த்த தீனாப் பாத்து வாங்குங்கோ, உண்ணி அண்டாது" எண்டு முள்ளியவளை நேற்று எழுதியிருக்கிறார். இதை நம்பி ஆரும் நாயைக் கெடுத்துப் போடாதேங்கோ. உள்ளி, வெங்காயம், லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். அதில இருக்கிற கந்தகச் சேர்வைகள் நாயின்ர செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவிச்சாலும் போகாது, காயவைச்சுத் தூளாக்கினாலும் போகாது. பொதியின்ர பின்பக்கத்தில உள்ளி எண்டு கண்டால் வைச்சிட்டு வாங்கோ.

முள்ளியவளை:
அளவு சொல்லாமல் நஞ்சு நஞ்செண்டு கத்தினால் அது அறிவோ அண்ணை? 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஜப்பான் ஆய்வில நாயின்ர நிறையில கிலோவுக்கு 5 கிராம் உள்ளிக்குச் சமனான சாறு, 7 நாள் தொடர்ந்து குடுத்தவை. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 50 கிராம்! அப்பவும் இரத்தச்சோகை வரேல்லை. பொதியில சேர்மானங்களை நிறை கூடினதில தொடங்கித்தான் அடுக்குவினம். உப்புக்குக் கீழ கிடக்கிற உள்ளித்தூள் எவ்வளவு இருக்கும்? நூற்றில ஒரு பங்குகூடத் தேறாது.

மாங்குளத்தான்:
பாதியை வாசிச்சிட்டு வந்து பாடம் எடுக்காதேங்கோ. அதே ஆய்வில செங்கலங்கள் சிதைஞ்சது, குருதியில அதின்ர பங்கு இறங்கினது, கடைசியில "உள்ளி சேர்ந்த உணவை நாய்க்குக் குடுக்கக் கூடாது" எண்டு முடிச்சது எல்லாத்தையும் ஏன் விழுங்கினியள்? இஞ்ச உண்ணிக் காய்ச்சல் இருக்கிற இடம். உண்ணி பரப்புற பபீசியாக் கிருமியும் அந்தச் செங்கலத்தைத்தான் உடைக்குது. பல்முரசு வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போற நாய்க்கு, உண்ணிக்கெண்டு உள்ளியும் போடுறதோ?

பூநகரி:
உள்ளியிலயே நிக்கிறியள். மாரியில பூஞ்சணம் பிடிச்ச சோளத்தையும் கச்சான் புண்ணாக்கையும் ஆரும் பாக்கிறியளோ? அந்தப் பூஞ்சணம் விடுற நஞ்சு அஃப்லாடொக்சின் ஈரலை அழிக்கும், அவிச்சும் போகாது. 2020 கடைசியில அமெரிக்காவில சோளம் சேர்ந்த தீனில இந்த நஞ்சு இருந்து நாய்கள் செத்து, பொதிகளைத் திருப்பி எடுத்தவை. காறல் மணம், கட்டி பிடிச்ச தூள் கண்டால் வீசுங்கோ. உடைச்ச பொதியை இறுக்கமான மூடி போட்ட வாளியில வைச்சு ஒரு மாதத்துக்குள்ள முடியுங்கோ. தீன் காறாமல் இருக்கப் போடுற எதொக்சிக்வின் எண்ட மருந்தின்ர பேர் இருந்தாலும் விடுங்கோ, ஐரோப்பிய ஒன்றியம் 2017இல அதின்ர அனுமதியை நிறுத்திப்போட்டுது.

நெடுங்கேணி:
சோளத்தைக் குறை சொல்லி எங்கட விவசாயியின்ர வயித்தில அடிக்காதேங்கோ. ஒழுங்காக் காயவைச்சு அவிச்ச சோளம் நாய்க்குச் செமிக்கும். தானியம் இல்லாத தீனைத்தான் 2018இல இதயநோய்ச் சந்தேகத்தில அமெரிக்காவின்ர உணவு மருந்து நிர்வாகம் ஆராயத் தொடங்கினது. மலிவெண்டு முட்டைக்கோழித்தீனைக் கலக்கிறதைப் பற்றிக் கதையுங்கோ. அதில கல்சியம் நூற்றுக்கு 4 அளவில வரும். பெரிய இனக் குட்டிக்கு 1.8க்கு மேல போனால் எலும்பும் மூட்டும் கோணும்.

மாங்குளத்தான்:
கல்சியம், சோளம் எல்லாம் பிறகு. கேள்வி உள்ளி. மீன்குழம்புச் சோறு வைக்கிற வீடுகளுக்கும் சொல்லுறன், கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே குருதியைக் கெடுக்கக் காணும். துண்டுகளைப் பொறுக்கி எறிஞ்சாலும் சாறு குழம்பிலதான் கிடக்கும்.

முள்ளியவளை:
பாத்தியளோ, அளவு இருக்கெண்டு நீங்களே எழுதிட்டியள்! அப்ப 15 கிராமுக்குக் கீழ என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
அது வெங்காயக் கணக்கு, உள்ளிக்கு இல்லை. உள்ளி திண்ட நாயில உண்ணி ஏறாது எண்டதுக்கு ஒரு ஆதாரம் போடுங்கோ. நேற்றிலயிருந்து கேக்கிறன்.

முள்ளியவளை:
முதல் என்ர கேள்விக்குப் பதில்.